ஒரே டோக்கன், இரண்டு லாரி

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்காய் மண்டியின் இணையதளத்தைப் பராமரித்து வருகிறேன். சீசனில் அங்கே எல்லோரும் பார்ப்பது இரண்டைத்தான்: பெங்களூரா மாங்காயின் அன்றைய டன் விலை, எடைமேடைக்கு வரும் வண்டியின் டோக்கன் எண். முன்பு எழுதியவர் தளத்தை ஏஎஸ்பி என்ற மைக்ரோசாஃப்டின் பழைய நுட்பத்தில் எழுதி, இரண்டையும் அதன் அப்ளிகேஷன் வேரியபிளில், அதாவது சர்வரின் நினைவகத்தில் இருக்கும் பொது மாறியில் வைத்திருந்தார்.

பயனருக்குப் பயனர் தனியாக இருக்கும் செஷனில் வைத்தது அவரவருக்கு மட்டும். அப்ளிகேஷனில் வைத்தது ஊருக்கே பொது. காவேரிப்பட்டணத்து விவசாயியும் பர்கூர் வியாபாரியும் பார்ப்பது அதே விலை. காலையில் கணக்குப்பிள்ளை ஒருமுறை மாற்றினால் போதும், டேட்டாபேஸை ஓயாமல் கேட்கத் தேவையில்லை. விலைக்கு இது பாந்தமான ஏற்பாடு.

டோக்கனுக்கு அப்படியில்லை. ஒரு நாள் 42 என்ற சீட்டுடன் இரண்டு லாரி ஓட்டுநர்கள் எடைமேடையில் மல்லுக்கு நின்றார்கள். நிரலைத் திறந்தால் காரணம் மூன்றே வரிகளில் இருந்தது: எண்ணை எடு, ஒன்று கூட்டு, திரும்ப வை. இரண்டு வாசல்களிலும் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். இருவரும் எடுத்தது 41, வைத்தது 42. அந்த வரிகளுக்கு முன்னால் மற்றவரை நிறுத்திவைக்கும் ஒரு லாக், பின்னால் ஒரு அன்லாக் இருந்திருந்தால் இரண்டாமவர் காத்திருந்து 43 வாங்கியிருப்பார். ஆனால் அந்தப் பூட்டுக்குள் குறுஞ்செய்தி அனுப்புவது போன்ற மெதுவான வேலையை வைத்தால், மற்ற வண்டிகளின் டோக்கனும் நின்றுவிடும்.

பூட்டு போட்டும் வம்பு தீரவில்லை. மதியம் மண்டி அடங்கியிருக்கும். 20 நிமிடம் யாரும் எட்டிப்பார்க்காவிட்டால் ஐஐஎஸ் என்ற மைக்ரோசாஃப்டின் சர்வர் மென்பொருள், தளத்தை இயக்கும் செயலியை நிறுத்திவிடும். நாம் மாற்றாதவரை வழக்கம் அதுதான். நினைவகத்தில் இருந்த எண்ணும் அதோடு போகும். சாப்பிட்டுவிட்டு வந்த ஓட்டுநருக்குக் கிடைத்தது டோக்கன் 1. யாராவது பார்த்துக்கொண்டே இருந்தாலும் 1,740 நிமிடத்துக்கு ஒருமுறை செயலி தானே புதுப்பித்துக்கொள்ளும். அதாவது 29 மணி நேரம். நாளுக்கு நாள் நேரம் தள்ளிப்போவதால் கோளாறு எப்போது வரும் என்று கணிப்பதும் கஷ்டம்.

என் கட்சி இதுதான்: பொது மாறியில் நகலை மட்டும் வைக்கலாம், அசலை வைக்கக் கூடாது. விலை தொலைந்தால் டேட்டாபேஸிலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம். டோக்கனை எங்கே போய்த் தேடுவது?

பிறகு பைத்தான் நிரல்மொழிக்கு மாறினோம். அங்கே ஒரே சர்வரில் பல ஒர்க்கர்கள், அதாவது ஒரே தளத்தைத் தனித்தனியாக இயக்கும் செயலிகள். ஒவ்வொன்றுக்கும் தனி நினைவகம். விலையை மாற்றினால் ஓர் ஒர்க்கர் புதிய விலையையும் இன்னொன்று பழையதையும் காட்டும். பக்கத்தைப் புதுப்பிக்கப் புதுப்பிக்க விலை ஏறி இறங்கும். 2009இல் வந்த ரெடிஸ் என்ற நினைவகச் சேமிப்பு மென்பொருள் இதற்குத் தோதானது: எல்லா ஒர்க்கர்களுக்கும் பொதுவான ஓர் இடம், எண்ணைக் கூட்டித் திருப்பித் தர ஒற்றைக் கட்டளை. ஆனால் ஒரு மண்டிக்கு அது ஆடம்பரம். டேட்டாபேஸ் அட்டவணையில் நாளுக்கு ஒரு வரி வைத்து, கூட்டுவதையும் கூட்டிய எண்ணைப் பெறுவதையும் ஒரே வினவலில் முடித்துவிட்டேன். விலையும் டேட்டாபேஸிலேயே இருக்கிறது. ஒவ்வொரு ஒர்க்கரும் தன் நகலை ஒரு நிமிடத்துக்கு மேல் நம்பாது.

சமீபத்தில் உடன் வேலை செய்யும் தம்பி, உள்நுழைந்தவரின் பெயரையே பொது மாறியில் எழுதிக் கொண்டுவந்தான். தனியாகச் சோதித்தபோது அழகாக ஓடியது. இரண்டு கைப்பேசிகளில் சேர்ந்தாற்போல் திறக்கச் சொன்னேன். ஒரு விவசாயியின் பாக்கித் தொகை இன்னொருவர் திரையில் வந்து நின்றது. பெயரைச் செஷனுக்கு மாற்றிவிட்டு வா என்று திருப்பி அனுப்பினேன்.