காலிக் கோட்டை மாதிரி: வெட்டிய வாயிலை மூடிய கதை

இலங்கையின் காலி நகரிலுள்ள கோட்டையின் தரைப்பக்க மதிலை 1:300 அளவில் பிளாஸ்டர் மாதிரியாகச் செய்துவரும் நான், சந்திரக் கொத்தளத்துக்கும் சூரியக் கொத்தளத்துக்கும் இடையே பாடுபட்டு வெட்டிய பிரதான வாயிலை இப்போது மூன்று வாரங்களாக மூடிக்கொண்டிருக்கிறேன். மாதிரிக்கு நான் குறித்துக்கொண்ட ஆண்டு 1870. அந்த வாயிலை ஆங்கிலேயர் திறந்ததோ 1873இல். அதற்கு முன்பு துறைமுகப் பக்கத்துப் பழைய வாயில்தான் வழி. இன்றைய புகைப்படத்தை வைத்துக்கொண்டு வெட்டினால் இப்படித்தான் ஆகும். 1883இல் கட்டிய மணிக்கூட்டுக் கோபுரத்தை நிறுத்துவதற்குள் விழித்துக்கொண்டது ஓர் ஆறுதல்.

ஆண்டை மாற்றிவிடலாமே என்று வீட்டில் கேட்டார்கள், மனம் ஒப்பவில்லை. டச்சுக் கொமாண்டர் இருந்து ஆண்ட ஊர், 1796இல் ஆங்கிலேயர் வசமாகி, 1833இல் மாகாணங்கள் வகுக்கப்பட்டபோது தென் மாகாணத்தின் தலைநகராகி, 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாநகர சபையும் பெற்றிருந்த காலம் அது. கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு 1875இல்தான் அடிக்கல் நடப்பட்டது என்பதால், தபால் கப்பல்களும் அப்போது காலியிலேயே நங்கூரமிட்டன.

மூடுவது சுலபம் என்று நினைத்ததுதான் தவறு. காய்ந்த பிளாஸ்டர், புதிதாக ஊற்றும் கலவையின் நீரை உடனே உறிஞ்சிக்கொள்வதால், முதல் இரண்டு முறையும் அடைப்பு முழுதாகப் பெயர்ந்து கையோடு வந்தது. மூன்றாம் முறை, துவாரத்தின் ஓரங்களை உட்புறம் அகலும்படி சாய்வாகச் சீவி, தூரிகையால் நான்கைந்து தடவை நனைத்து, மினுக்கம் அடங்கிய பிறகே கலவையை வைத்தேன், பிடித்துக்கொண்டது. அது முழுவதும் இறுகுமுன், நகம் பதியும் பதத்தில், மழுங்கிய சாக்கூசியால் கல்வரிசைக் கோடுகளைப் பழைய வரிசையோடு ஒட்டி இழுத்ததில், பிசகு எங்கே நடந்தது என்று இனி எவரும் கண்டுபிடிக்க முடியாது.

பிளாஸ்டர் வாங்கிய கடையைப் பற்றிச் சொல்லாமலிருப்பதே நல்லது. பொதியைத் திறந்தால் பாதி கட்டி. எங்கள் மலையூர் அட்டனின் ஈரத்தில் எத்தனை மாதம் கிடந்ததோ. அரித்தெடுத்துத்தான் பயன்படுத்தினேன். தரைக்கு வேண்டிய செம்மண் நிறத்துக்குச் செலவே இல்லை: காயவைத்த தேயிலைச் சக்கையும் கொஞ்சம் பசையும் போதும்.

பழைய வாயிலின் உட்புறத்தில் 1669 என்ற ஆண்டோடு இருக்கும் டச்சுக் கம்பனிச் சின்னத்தையும் ஊசிமுனையால் செதுக்கிவிட்டேன். சிங்கங்கள் சுமார்தான், மேலே நிற்கும் சேவல் ஒரு புள்ளியாக இருந்தாலும் சேவல்தான். அடுத்ததாக, கடலேற்றத்தால் கழுவப்படும்படி டச்சுக்காரர் அமைத்த நிலத்தடிக் கால்வாய்களைக் குறுக்குவெட்டாகக் காட்ட வேண்டும் என்ற ஆசையில், சேலைன் குழாய்களை இப்போதே சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஆனால் மதிலுக்கே இன்னும் வர்ணம் பூசவில்லை. மூடிய இடத்தில் இன்று காலையும் புறங்கையை வைத்துப் பார்த்தேன். இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது.