மலைச்சரிவில் பழைய டீசல் டேங்கைத் தோண்டி எடுத்தது

கோத்தகிரிப் பக்கம், மூடிக்கிடந்த தேயிலை ஃபேக்டரி வளாகம். மண்ணுக்குள் 20 கிலோலிட்டர் டீசல் டேங்க், அதற்குக் கீழே தேயிலைச் சரிவு, சரிவின் அடியில் ஊர் குடிக்கும் ஊற்று. இப்படிப்பட்ட இடத்தில் முதலில் பார்க்க வேண்டியது டேங்கை அல்ல, ஊற்றை. நீலகிரியில் செம்மண்ணும் அதன் கீழ் மக்கிய சார்னோகைட் பாறையும் பல மீட்டர் ஆழம் போகும். மழைநீர் அதில் இறங்கி, கெட்டிப் பாறையின் முதுகில் வழிந்து, கீழே எங்கோ வெளிவரும். கசிந்த டீசலும் அந்த வழியைத்தான் பிடிக்கும்.

ஊற்றில் மினுக்குவதெல்லாம் டீசல் இல்லை. இரும்புச்சத்துள்ள கசிவுகளில் பாக்டீரியா படலமும் அப்படியே மின்னும். குச்சியால் கலைத்தால் பாக்டீரியா படலம் சில்லுசில்லாக உடைந்து நிற்கும். எண்ணெய் மறுபடி ஒன்றுகூடிவிடும். ஆனால் குச்சியோடு விட்டுவிடக் கூடாது. 40 மில்லி கண்ணாடிக் குப்பியில் உள்ளே ஒரு குமிழிகூட இல்லாமல் மாதிரி எடுத்து, 4 டிகிரி ஐஸ் பெட்டியில் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். டீசலிலிருந்து நீரில் கலக்கும் நச்சுப்பொருளான பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான். குமிழி இருந்தால் பென்சீன் அதற்குள் ஏறிவிடும், ரிப்போர்ட் சுத்தம் என்று பொய் சொல்லும்.

அடுத்து நிலத்தடி நீரைப் பார்க்க மூன்று கண்காணிப்புக் குழாய்கள்: டேங்குக்கு மேல்சரிவில் ஒன்று, கீழ்ச்சரிவில் இரண்டு. மூன்றும் ஒரே கோட்டில் இருந்தால் நீரோட்டத் திசை கிடைக்காது. துளையிட்ட பிவிசி பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நீண்டிருக்க வேண்டும். முழுக்க நீருக்கடியில் இறக்கிவிட்டால் மேலே மிதக்கும் டீசல் குழாய்க்குள் வரவே வராது.

தோண்டுவதை ஜனவரி முதல் மார்ச்சுக்குள் வைத்துக்கொள்வது நல்லது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து நீர்மட்டம் இறங்கும்போதுதான், ஏறி இறங்கிய மட்டம் டீசலைப் பூசிவைத்த மண்பட்டை வெளியே தெரியும். ஆனால் காகித வேலையை மழைக்காலத்திலேயே முடித்துவிட வேண்டும். இங்கே ஜேசிபி இறக்க மாவட்ட நிர்வாக அனுமதி, டேங்க் உரிமத்துக்கு பெசோ (மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு), கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்று மூன்று வாசல். எந்த அளவுவரை சுத்தம் செய்தால் போதும் என்பதையும் வாரியத்திடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள். குழியைத் திறந்துவைத்துக்கொண்டு அதைப் பேசினால் பேச்சு முடிவதற்குள் மழை வந்துவிடும்.

மேட்டில் கருவிகளின் நடத்தை மாறும். சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். சமவெளியில் ஏழு மீட்டருக்கு மேல் உறிஞ்சும் பம்ப் இங்கே ஆறு மீட்டரிலேயே திணறும். ஆழம் அதிகமென்றால் உள்ளே இறக்கும் பம்ப்தான் வழி. சில ஆக்சிஜன் மீட்டர்கள் கீழே சரிசெய்தபடியே மேலே கொண்டுவந்தால் குறைத்துக் காட்டி அலறும். வேலை நடக்கும் இடத்தின் சுத்தமான காற்றிலேயே சரிசெய்ய வேண்டும்.

டீசல்தானே என்று எரிவாயு கட்டரை எடுப்பவர்கள் உண்டு. சூடு பட்டதும் சுவரில் ஒட்டிய கசடு ஆவியாகி வெடிக்கும். பைப்லைனில் இருப்பதை டேங்குக்குள் வடித்து, எல்லாவற்றையும் உறிஞ்சி, உள்ளே இருக்கும் ஆக்சிஜனை வெளியேற்ற 1,000 லிட்டர் கொள்ளளவுக்கு சுமார் 2 கிலோ கணக்கில் ட்ரை ஐஸ் (உறைந்த கரியமில வாயு) போட்டோம். சமவெளியிலிருந்து ஏறும் வழியிலேயே அது கொஞ்சம் கரைந்துபோகும், கூடுதலாகச் சொல்லிவிடுங்கள். வெளியேறும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, குழியடியில் தேங்கும். அளக்காமல் யாரும் இறங்கக் கூடாது. காலி டேங்கைக் குழியில் விட்டுவைக்கவும் கூடாது. ஒரு மழையில் நீர் நிறைந்தால் 20 கிலோலிட்டர் டேங்க் படகாக மேலெழும்பி, குழிச்சுவரையும் சேர்த்துச் சரிக்கும்.

1.5 மீட்டருக்கு மேல் ஆழம் போனால் முட்டுக் கொடுக்க வேண்டும், அல்லது சுவரைச் சாய்த்து வெட்ட வேண்டும். எடுத்த மண்ணை மேட்டுப்பக்கம் விளிம்பில் குவிப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. கெட்ட மண் எது என்று பார்க்க, ஜாடியில் பாதி மண் போட்டு ஃபாயிலால் மூடி, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து ஆவி மீட்டரால் குத்திப் பார்ப்பது வழக்கம். காலைக் குளிரில் டீசல் ஆவியாகாது, மண் நல்லதுபோல் தோன்றும். ஜாடியை வெயிலிலோ வண்டிக்குள்ளோ வெதுவெதுப்பாக வைத்துப் பிறகு பாருங்கள். மூடுபனியின் ஈரத்திலும் மீட்டர் தடுமாறும். கற்கட்டுத் தடுப்புச்சுவரின் அடிக்குள் போகும் கறையை நோண்டாமல் விட்டோம். சுவர் சாய்ந்தால் அந்த மண்ணைவிடப் பெரிய தொல்லை.

குழியில் ஊறும் நீருக்கு டயஃப்ரம் பம்ப். மையவிலக்கு பம்ப் டீசலையும் நீரையும் கடைந்து பால்போல் ஆக்கிவிடும், பிறகு பிரியாது. சோப்புத்தூளும் அதையேதான் செய்யும். மூன்று அறைத் தொட்டியில் எண்ணெயைப் பிரித்தபின் நீரை நேராகக் கரித்தொட்டிக்கு (மிச்ச டீசலை ஈர்த்துக்கொள்ளும் கரி நிரப்பிய தொட்டி) விடாதீர்கள். டீசல் கலந்த நிலத்தடி நீரில் இரும்பு கரைந்திருக்கும், காற்றுப் பட்டதும் செம்படலமாகி கரியை அடைத்துவிடும். முதலில் காற்றூட்டி, படியவைத்து, மணலில் வடிகட்ட வேண்டும். கரித்தொட்டிகள் இரண்டை வரிசையாக வைத்து நடுவில் மாதிரி எடுத்தால், முதல் தொட்டி சோர்ந்ததும் தெரிந்துவிடும். ஓடையில் விட எண்ணெய், கிரீஸ் வரம்பு லிட்டருக்கு 10 மில்லிகிராம்.

தோண்டிய மண் உதிர்ந்து கால்பங்குக்கு மேல் பருத்துவிடும், 100 கனமீட்டர் குழிக்கு 130 கனமீட்டர் டிப்பர் கணக்குப் போடுங்கள். கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவுக் கிடங்குக்கு அனுப்புவதென்றால், கழிவோடு செல்லும் சீட்டான படிவம் 10 கூடவே போக வேண்டும். வளாகத்தில் 90 நாளுக்கு மேல் வைக்க முடியாது. ஈரமண்ணை ஏற்றினால் மேட்டுப்பாளையம் இறக்கத்தின் ஒவ்வொரு வளைவிலும் பின்கதவு வழியாக ஒழுகும், முதலில் நீர் வடியவிட வேண்டும்.

மூடும்போது ஜல்லியைக் கொட்டி நிரப்பிவிட்டால், குழி மழைநீரைப் பிடித்துவைத்துச் சரிவை ஊறவைக்கும். மண்ணை 20 சென்டிமீட்டர் அடுக்குகளாக இடித்து, மேலே களிமண் போட்டு, மேட்டுப்பக்கம் மழைநீரைத் திருப்பிவிடும் வாய்க்கால் வெட்டினோம். குழாய்களில் ஒவ்வொரு பருவமழைக்குப் பிறகும் மாதிரி எடுக்கிறோம், ஊற்றில் இன்னும் அடிக்கடி.