வாடிய செடிக்கு என் சம்பளத்தில் பிடித்தம்: பினாங்கில் ஒரு தொழிலாளர் புகாரின் அனுபவம்

மலேசியாவின் பினாங்குத் தீவின் மேற்குப் பக்கம், பாலிக் புலாவ் வட்டாரத்தில், இணையம் வழியாக மட்டுமே அலங்காரச் செடிகளை விற்கும் ஒரு நாற்றுப்பண்ணையில் செடிகளைப் பொட்டலம் கட்டும் வேலையில் இருந்தேன். வேலையை விட்ட பிறகு தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுத்து, என் சம்பளத்தில் பிடிக்கப்பட்ட பணத்தையும், தரப்படாத ஓவர்டைம் தொகையில் பெரும்பகுதியையும் திரும்பப் பெற்றேன். இப்படிப்பட்ட பண்ணைகளிலும் ஆன்லைன் கடைகளின் கிடங்குகளிலும் நம் பெண்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

உயிருள்ள செடியைத் தபாலில் அனுப்புவது நிதானம் கேட்கும் வேலை. தொட்டியிலிருந்து எடுத்து, மண்ணை உதறி, வேரை ஈரமான ஸ்பேக்னம் பாசியில் பொதிந்து, பிளாஸ்டிக் சுற்றி, இலைகள் மடங்காதபடி செய்தித்தாளில் உருட்டி, பெட்டிக்குள் ஆடாமல் நிறுத்த வேண்டும். வெள்ளிக்கிழமை அனுப்பினால் வார இறுதி முழுவதும் கூரியர் கிடங்கின் வெக்கையில் செடி கிடக்கும் என்பதால், ஒரு வாரத்து ஆர்டர்கள் அனைத்தும் திங்கள் முதல் புதன் வரை நெருக்கித் தள்ளப்படும். அந்த நாட்களில் காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் இரவு ஒன்பது, பத்து மணி வரை நின்றபடியே வேலை செய்வோம், 11.11, 12.12 போன்ற தள்ளுபடி விற்பனைகளுக்குப் பிந்திய நாட்களில் நள்ளிரவும் தாண்டும். அலோகேசியா, டிஃபென்பாக்கியா போன்ற செடிகளின் சாற்றில் ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருப்பதால் வெறுங்கையால் தொட்டால் தோல் அரித்துச் சிவக்கும். கையுறை கேட்டோம், வேகம் குறையும் என்று மறுத்துவிட்டார்கள்.

2025 பிப்ரவரியில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தபோது எங்களுக்கும் 1,700 ரிங்கிட் என்று அறிவித்தார்கள். அதே வாரத்தில் வாட்ஸ்அப் குழுவில் இன்னொரு அறிவிப்பும் வந்தது: வாடிக்கையாளரிடம் செடி வாடியோ அழுகியோ போய்ச் சேர்ந்தால், திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம் அந்தப் பெட்டியைக் கட்டியவரின் சம்பளத்தில் கழிக்கப்படும்; ஏற்றுக்கொள்பவர்கள் ‘ஓகே’ என்று பதில் போட வேண்டும். வேலை போய்விடும் என்ற பயத்தில் எல்லோரும் போட்டோம். அரிய வகைச் செடி ஒன்று வாடினால் எங்களுக்கு இரண்டு மூன்று நாள் கூலி போய்விடும். உயர்த்திய சம்பளத்தை என் கையில் முழுமையாக நான் பார்த்ததே இல்லை.

அந்தச் செடிகள் ஏன் வாடின என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் பெரும்பாலானவை பொட்டலம் கட்டியவரின் கைப்பிழையால் வாடியவை அல்ல. நறுக்கி இரண்டு நாள்கூட ஆகாத, வேரே பிடிக்காத துண்டுகளை ‘வேர் பிடித்த கன்று’ என்று விற்றார்கள். சபாவுக்கும் சரவாக்குக்கும் செடி அனுப்ப அந்தந்த மாநில விவசாய இலாகாவின் அனுமதி வேண்டும் என்று தெரிந்திருந்தும், அதைப் பெறாமலேயே அங்கிருந்து ஆர்டர் எடுத்தார்கள்; வழியில் நிறுத்தப்பட்ட பெட்டிக்குள் செடி செத்தது. இளஞ்சிவப்பு இலைகளோடு விற்கப்படும் ‘பிங்க் கோங்கோ’ பிலோடென்ட்ரானின் நிறம் இரசாயனத்தால் வரவழைக்கப்படுவது. சில மாதங்களில் புதிய இலைகள் பச்சையாகவே வரும். இதை விளம்பரத்தில் சொல்லாமல் மறைத்துவிட்டு, கோபப்பட்ட வாடிக்கையாளர்கள் குறைந்த நட்சத்திரம் போட்டுவிடக் கூடாது என்பதற்காக மாற்றுச் செடி அனுப்பி, அதன் விலையையும் எங்கள் கணக்கில் எழுதினார்கள். வியாபாரத்தில் துணிந்து எடுக்கும் ஆபத்துக்கு முதலாளிதான் பொறுப்பு. இலாபத்தில் பங்கில்லாதவரிடம் நஷ்டத்தை மட்டும் இறக்கி வைப்பது அநியாயம் என்பதில் எனக்கு அன்றும் இன்றும் சந்தேகமில்லை.

எழுத்துப்பூர்வமான வேலை ஒப்பந்தம் எங்களுக்குக் கிடையாது. சம்பளச் சீட்டும் கிடையாது. நீங்கள் எல்லாம் ‘ஃப்ரீலான்ஸ்’, ஊழியர்கள் அல்லர், ஆகவே இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி), ஓவர்டைம் எதுவும் பொருந்தாது என்பதே எப்போதும் கிடைத்த பதில். இதை நம்பித்தான் பலர் புகார் கொடுக்காமலேயே விலகிப் போகிறார்கள். ஆனால் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் செய்யப்பட்டு 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தங்களில் 101சி என்ற பிரிவு இருக்கிறது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாத நிலையில், வேலை செய்யும் முறையையும் நேரத்தையும் முதலாளி கட்டுப்படுத்துவது, கருவிகளையும் பொருட்களையும் அவரே தருவது, அந்த வேலை அவருடைய தொழிலின் முக்கியப் பகுதியாக இருப்பது போன்ற அடையாளங்கள் காணப்பட்டால், வேறுவிதமாக நிரூபிக்கப்படும் வரை அவரை ஊழியராகவே கருத வேண்டும் என்கிறது அது. பண்ணையின் கத்தரிக்கோல், பண்ணையின் பெட்டி, பண்ணை வகுத்த நேரம் என்றிருந்த எங்களுக்கு அது அப்படியே பொருந்தியது.

புகாருக்கு முன்பு நான் அதிகக் கவனம் செலுத்தியது ஆதாரங்களில்தான். வாடிக்கையாளர் சண்டைக்கு வந்தால் காட்டுவதற்காக, ஒவ்வொரு பெட்டியையும் மூடுவதற்கு முன் செடியைப் படம் பிடித்துக் குழுவில் போட வேண்டும் என்பது பண்ணையின் விதி. எங்களைக் கண்காணிக்க வைத்த அந்த விதியே எனக்குப் பெரிய துணையானது. ஒவ்வொரு படத்திலும் தேதியும் மணியும் இருந்தன. இரவு பதினொரு மணிக்கு நான் எங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதற்கும், பெட்டிக்குள் போகும்போது செடி நலமாகவே இருந்தது என்பதற்கும் அதுவே சாட்சி. குழுவிலிருந்து நீக்கப்படுவதற்கு முன்பே முழு உரையாடலையும் என் மின்னஞ்சலுக்கு ஏற்றுமதி செய்துகொண்டேன். வேலையை விடப்போகிறோம் என்று வாய் திறப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். அதனுடன் சம்பளம் வந்த வங்கிக் கணக்கு அறிக்கைகளையும், பிடித்தத் தொகையைக் குறிப்பிட்டு மேலாளர் அனுப்பிய செய்திகளையும் சேர்த்து, தேதி வாரியாக அச்செடுத்துக் கோப்பாக்கினேன்.

ஓவர்டைம் கணக்கை நாமே போட்டுக்கொள்ளலாம். மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் ஒரு நாள் ஊதியம். 1,700 ரிங்கிட்டுக்கு அது 65 ரிங்கிட் 38 சென். எட்டு மணி நேர வேலை நாளுக்கு மணிக்கு 8 ரிங்கிட் 17 சென். சாதாரண நாளில் கூடுதல் மணிக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 12 ரிங்கிட் 26 சென். பொது விடுமுறையில் வழக்கமான நேரத்தையும் தாண்டிச் செய்யும் வேலைக்கு மும்மடங்கு. வழக்கமான வேலைக்கு வாரத்துக்கு 45 மணி நேரமே உச்ச வரம்பு என்பதும் 2023இல் வந்த மாற்றம்தான். அதற்கு முன்பு 48 ஆக இருந்தது. மாதந்தோறும் ஒரு தாளில் இந்தக் கணக்கை எழுதி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே எந்தப் படம் ஆதாரம் என்று குறித்தேன்.

இலாகா அலுவலகத்தில் கட்டணம் ஏதும் இல்லை, வழக்கறிஞரும் தேவைப்படவில்லை. என் மலாய் எழுத்துக்கு அவ்வளவு சரளம் கிடையாது என்பதால், ஆறாம் படிவத்தில் படிக்கும் என் அக்காள் மகள் புகாரின் சுருக்கத்தை எழுதிக் கொடுத்தாள். புகாரை ஏற்ற அதிகாரி என்னைத் தமிழிலும் மலாயிலும் மாறி மாறிப் பொறுமையாகக் கேட்டார். சம்பள உரிமை தொடர்பான தகராறை விசாரித்து உத்தரவிடும் அதிகாரத்தை அதே சட்டத்தின் 69ஆம் பிரிவு தொழிலாளர் இலாகாவுக்கு அளிக்கிறது என்றும், அதற்கு முன் இரு தரப்பையும் அழைத்துப் பேசிப் பார்ப்பார்கள் என்றும் விளக்கினார்.

முதல் அழைப்புக்கு முதலாளி தரப்பு வரவில்லை. அடுத்ததற்கு மேலாளர் வந்தார். ‘ஃப்ரீலான்ஸ்’ வாதம் வெகுநேரம் நிற்கவில்லை. பிறகு அவர் எடுத்துக் காட்டியது நாங்கள் போட்ட ‘ஓகே’. எனக்கு நெஞ்சு படபடத்த இடம் அதுதான். அதிகாரி இரண்டு விஷயங்களைச் சொன்னார். 24ஆம் பிரிவில் அனுமதிக்கப்பட்ட காரணங்களுக்கு மட்டுமே சம்பளத்தில் கழிக்க முடியும்; முன்பணம், தவறுதலாகக் கொடுத்த கூடுதல் சம்பளம் போன்றவை அதில் அடங்கும், வாடிக்கையாளரிடம் வாடிய செடி அடங்காது. சட்டம் தரும் உரிமையைக் குறைக்கும் எந்த உடன்பாடும் 7ஆம் பிரிவின்படி அந்த அளவுக்குச் செல்லாது. ஆகவே ‘ஓகே’ போட்டிருந்தாலும் பயனில்லை. அதன் பின் ஊழியர் பதிவேட்டைக் கேட்டார். ஆறு ஆண்டுகளுக்குப் பாதுகாக்க வேண்டிய அந்தப் பதிவேடு அவர்களிடம் இருக்கவே இல்லை. என்னிடம் நேரம் பதிந்த படங்கள் இருந்தன.

விசாரணைக்குத் தேதி குறிக்கும் முன்பே சமரசத்துக்கு வந்தார்கள். பிடித்த தொகை முழுவதும் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீர் ஊற்றப் போன காலைகளுக்கு எந்தப் படமும் இல்லாததால் அந்த மணிகளை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. அது எனக்கு இன்னும் வருத்தம்தான். உடன்பாடு எழுத்தில் பதிவானது, பணம் இரு தவணைகளில் வந்தது. இலாகாவுக்கு வெளியே தனியாகப் பேசி முடிக்கலாம் என்று மேலாளர் இடையில் என்னை அழைத்தார். நான் ஒப்பவில்லை, பதிவில்லாத வாக்குறுதி மீறப்பட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இபிஎஃப் பாக்கிக்கு இந்தப் புகார் போதாது. அதைச் சேமநிதி வாரியத்திடமும், சொக்சோ புகாரை அதை நடத்தும் பெர்கெசோ அமைப்பிடமும் தனித்தனியே கொடுக்க வேண்டும். என் சம்பள அளவுக்கு முதலாளியின் இபிஎஃப் பங்கு 13 விழுக்காடு, ஊழியரின் பங்கு 11 விழுக்காடு. ஓவர்டைம் தொகைக்கு இபிஎஃப் கிடையாது, சொக்சோவுக்கு அது கணக்கில் சேரும். அந்த இரண்டு புகார்களையும் அதே கோப்பின் நகல்களோடு கொடுத்திருக்கிறேன். சில மாதங்களின் சந்தா என் இபிஎஃப் கணக்கில் ஏறிவிட்டது, மற்றவை விசாரணையில் இருக்கின்றன. பண்ணையில் இன்னும் வேலை செய்யும் இருவர், “அக்கா, அந்தக் கணக்குத் தாளை எங்களுக்கும் அனுப்புங்கள்” என்று கேட்டார்கள். ஒவ்வொரு நாளின் படங்களையும் முதலில் சேமித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, என் எண்களை நீக்கிய வெற்றுப் படிவமாக அனுப்பி வைத்தேன்.