மாஸ்டரிடம் திட்டு வாங்கியவர்கள் சார்பில்

எங்களுக்கு நாய் பழக்கக் கற்றுக்கொடுத்த மாஸ்டர் இறந்தபோது, தெருமுனை ஃப்ளெக்ஸில் 'அன்பின் சிகரம், அமைதியின் உருவம்' என்று அச்சடித்திருந்தார்கள். அன்பு, சரி, ஒப்புக்கொள்ளலாம். அமைதி? காசிமேட்டிலிருந்து கொருக்குப்பேட்டை வரைக்கும் லாப்ரடார் நாய் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சிரித்துவிடுவார்கள். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் யார் போனாலும் அதே வரியைத்தான் போடுகிறார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் பதினாறாம் நாள் காரியத்திலும் ஆளாளுக்குத் தேன் தடவிப் பேசியதைக் கேட்டபோது, இந்த மனிதரை இருந்தபடி யாராவது எழுதி வைக்கவேண்டும் என்று பட்டது. பெயர் போடவில்லை. எங்கள் பக்கம் 'மாஸ்டர்' என்றாலே தெரியும்.

நான் வண்ணாரப்பேட்டை. எம்.சி.ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். மாஸ்டர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்கு நாய்ப் பித்து பிடித்தது பள்ளிக்கூட வயதில், ராயபுரத்தில் குடியிருந்த ஓர் ஆங்கிலோ இந்தியப் பெரியவரால். ரயில்வேயில் இஞ்சின் டிரைவரான அந்தப் பெரியவர் லீவு நாளில் துப்பாக்கியும் கறுப்பு லாப்ரடாருமாகப் பழவேற்காட்டுக்குக் கிளம்புவாராம். பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே இவர். சுட்ட வாத்து சேற்றுத் தண்ணீரில் விழும். நாய் நீந்திப் போய், பல் பதியாமல் கவ்வி வந்து, கையில் கொடுத்துவிட்டு உட்காரும். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு பெரியவர் துப்பாக்கியைத் தொடவில்லை. "துப்பாக்கி போச்சு. நாய்க்கு மூக்கும் வாயும் அப்டியேதானே கீது?" என்பார் மாஸ்டர். வாத்துக்குப் பதில் டம்மி. கடையில் விற்கிற கான்வாஸ் டம்மி அரைக் கிலோ இருக்கும். அவர் காசு கொடுத்து வாங்கியதே இல்லை. பழைய ஜீன்ஸ் காலை வெட்டி, உள்ளே மீன் வலை மிதவையைத் திணித்து, நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார். தண்ணீரில் போட்டால் ஜம்மென்று மிதக்கும்.

'இதெல்லாம் பணக்கார நாயாச்சே' என்று அவர் எதிரில் சொல்லிவிடக் கூடாது. கதை ஆரம்பமாகிவிடும். வட அட்லாண்டிக்கில் நியூஃபவுண்ட்லாந்து என்றொரு தீவு. அங்கே மீனவர்கள் வைத்திருந்தது செயின்ட் ஜான்ஸ் நாய். கொக்கியிலிருந்து நழுவிய மீனையும் வலைக் கயிற்றையும் குளிர்த் தண்ணீரில் நீந்திப் பிடித்து வந்த நாய். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீன் ஏற்றிய கப்பல்களோடு இங்கிலாந்தின் பூல் துறைமுகத்தில் இறங்கியது. அங்கே பிரபுக்கள் வாத்து வேட்டைக்கு எடுத்துக்கொண்டு, லாப்ரடார் என்று பெயர் வைத்து வளர்த்தார்கள். 1903-ல் நாய் இனங்களைப் பதிவு செய்கிற இங்கிலாந்து கென்னல் கிளப் தனி இனமாக ஏற்றது. தீவிலிருந்த மூல ஜாதியோ 1980-களோடு அற்றுப்போனது. இதைச் சொல்லி முடித்து, காசிமேட்டுப் பையன்களைப் பார்த்து, "மீன்காரன் நாய்டா இது. பிரபு நடுவுல வந்தவன்" என்பார். நாய் ஷோவுக்குப் போனால் ஓரமாக நிற்கிற பையன்கள் அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நாயை நடத்துவார்கள்.

என் ஜூலி குட்டியாக இருந்தபோது, எங்களுடையது எட்டுக் குடித்தனம் இருக்கிற லைன் வீடு, ஓடவிட இடமே இல்லை என்று அவரிடம் புலம்பினேன். சாயங்காலம் நேரே வந்துவிட்டார். வாசலிலிருந்து பின்பக்கக் குழாயடி வரை போகிற நடையைப் பார்த்தார். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் திரும்பி நிற்க வேண்டிய அகலம். "இன்னாம்மா, இடம் இல்லன்னு சொன்னே? இத்த வுட நல்ல இடம் எவன் குடுப்பான்?" வரிசையாக இருந்த தண்ணிக் குடங்களை அவரே தூக்கி ஒரு பக்கம் வைத்தார். எதிர்வீட்டு அக்கா முறைத்தார். மாஸ்டர் கவனிக்கவில்லை.

சுருட்டிய சாக்ஸை நடையில் உருட்டினார். ஜூலி ஓடிப்போய்க் கவ்வியது. பக்கவாட்டில் தப்ப வழியில்லை, திரும்பினால் எங்களிடம்தான் வந்தாக வேண்டும். வந்தது. நான் கையை நீட்டினேன். "புடுங்காத!" ஒரு அதட்டல். வாயில் சாக்ஸோடு நிற்கும் குட்டியின் மார்பைத் தடவிக்கொண்டே இருந்தார். கொண்டுவந்த உடனே பிடுங்கினால், அடுத்த முறை தூரமாக நின்று டபாய்க்கும். வைத்திருக்க விட்டால் தானாகவே கொடுக்கும். அப்படியும் ஓடினால் துரத்தக் கூடாது, நாம் எதிர்ப்பக்கம் ஓடவேண்டும், அது நம்மைத் துரத்தும். மூன்று முறை உருட்டியதும் சாக்ஸைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். ஜூலி குதித்துக் குதித்துக் கேட்டது. "இன்னும் வேணும்னு கேக்கசொல்லவே நிறுத்திடணும். சலிச்சுப்போற வரிக்கும் போட்டா நாய் கெட்டுச்சு." பல் விழுந்து முளைக்கிற மாதங்களில் அதையும் நிறுத்தச் சொன்னார். ஈறு வலித்தால் கவ்வுவதே கசந்துவிடும்.

மைதானத்தில் டென்னிஸ் பந்தோடு யாராவது வந்தால் போச்சு. போட்டுக்கொண்டே இருந்தால் நாய்க்குப் பைத்தியம்தான் பிடிக்கும், பொறுமை வராது என்பது அவர் கட்சி. நாய் உட்கார்ந்திருக்க வேண்டும், டம்மி விழுந்த இடத்தைக் கண்ணால் குறித்துக்கொள்ள வேண்டும், அனுப்பினால் மட்டும் போகவேண்டும். எறிந்த டம்மியில் பாதியை மாஸ்டரே நடந்துபோய்ப் பொறுக்கி வருவார். நாய்கள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எழுபதை நெருங்கும் ஆள் மணலில் கால் புதைய நடக்க, நாங்களும் நாய்களும் வேடிக்கை பார்ப்போம்.

விசில் கதையைச் சொல்லாமல் விட முடியாது. இந்தப் பயிற்சியில் நீளமாக ஒரு விசில் என்றால் நின்று உட்கார், விட்டுவிட்டுச் சின்ன விசில்கள் என்றால் திரும்பி வா. நம் ஊர் கண்டக்டருக்கும் ஒரு விசில் என்றால் நிறுத்து. திருவொற்றியூர் நெடுஞ்சாலையைக் கடக்கும்போது பஸ்ஸில் கண்டக்டர் ஊதினார், ஒரு பையனுடைய நாய் நடுரோட்டில் அம்சமாக உட்கார்ந்துவிட்டது. பின்னால் ஆட்டோக்காரர்களின் வாழ்த்துரை. மாஸ்டர் அந்த வாரமே உள்ளே குண்டு உருளாத பிளாஸ்டிக் விசிலுக்கு எல்லாரையும் மாற்றினார். சத்தமே வேறு, நாய் குழம்பாது.

அவருடைய பெரிய சண்டைகள் மூன்று: கொழுப்பு, மொட்டை, கழுத்தில் மின்சாரம் பாய்ச்சுகிற ஷாக் காலர். ஒருமுறை பெரிய காரில் ஒருவர் வந்தார், நாய் பேப்பர் எடுத்து வர வேண்டுமாம். நாயைக் காரிலிருந்து இறக்கவே இரண்டு பேர் தேவைப்பட்டது. வளர்ந்த ஆண் லாப்ரடார் முப்பத்தாறு கிலோவைத் தாண்டக் கூடாது. "நாய அப்பறம் பயக்கலாம் சார். மொதல்ல பிஸ்கெட் போட்ற உங்க கைய பயக்கணும்" என்றார். வந்தவர் யாரென்று பக்கத்தில் நின்றவர்கள் காதில் ஓதியும் குரல் இறங்கவில்லை. இந்த இனத்துக்குப் பசி அடங்காது என்று அவர் வெகுகாலமாகச் சொல்லிவந்தார். 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் கிட்டத்தட்ட கால்வாசி லாப்ரடார்களுக்குப் பசி அடங்குவது சம்பந்தப்பட்ட ஒரு மரபணுவில் துண்டு விடுபட்டிருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். அதைப் படித்துக் காட்டியபோது, "அத்தினி தூரம் போயா கண்டுபுடிச்சானுங்க?" என்றார். வெயில் என்று லாப்ரடாருக்கு மொட்டை போடுகிறவர்கள் மீதும் கோபம்தான். அதன் இரண்டு அடுக்கு முடி வெயிலையும் தடுக்கும், வழித்துவிட்டால் தோல் வேகும். ஷாக் காலர் வாங்கி வந்த ஒருவரிடம், அதை அவர் கழுத்திலேயே கட்டிக் காட்டச் சொன்னார். வேல்ஸில் 2010-லேயே அந்தக் காலரைத் தடை செய்துவிட்டார்கள்.

இளவயதில் அவரே, இழுத்தால் கழுத்தை இறுக்குகிற சோக் செயின் போட்டு நாயைச் சுண்டி இழுத்தவர். புதிதாக வருகிறவர்களிடம் அவராகவே சொல்வார்: "அப்போ என்கிட்ட ஓடியாந்த நாய்ங்க பயந்துக்கினு வந்துச்சுங்க. ஆசையா வர்ல." சங்கிலியை எப்போது விட்டார் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுவார்.

எல்லாத் திட்டும் நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். வியாசர்பாடிப் பையன் ஒருவனுடைய குட்டி பார்வோ என்கிற வைரஸ் நோயில் செத்துப்போனது. அழுதுகொண்டு வந்தவனிடம் மாஸ்டர் கேட்ட முதல் வார்த்தை, "ஊசி போட்டியா?" அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது? நான் முகத்துக்கு நேரே சொன்னேன். பதிலில்லை. சில நாள் கழித்து அந்தப் பையன் வீட்டுக்குப் போய், தரையெல்லாம் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிக் கொடுத்துவிட்டு வந்தார் என்று பையனின் அம்மாதான் சொன்னார். கிருமி மண்ணில் மாதக்கணக்கில், ஒரு வருஷம் வரைகூட உயிரோடிருக்கும், ஊசி முழுசாகப் போடாத குட்டி எதையும் அதற்குள் கொண்டுவராதே என்று அங்கேயும் கண்டிப்பு. மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. பையனுக்கு அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது, இருக்கட்டும்.

தண்ணீர்ப் பயிற்சிக்கு எண்ணூர் முகத்துவாரம் பக்கம் கூட்டிப்போவார். அலையில்லாத தண்ணீர், ஏறி இறங்கச் சரிவான கரை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து அந்தக் கழிமுகமே கறுத்துப்போனது. மீனவர்கள் பக்கெட்டில் எண்ணெயை வாரினார்கள். நாய் முடியில் எண்ணெய் ஒட்டினால் நக்கும், நக்கினால் வயிற்றுக்குள் போகும். அதோடு அவர் அங்கே நாயை இறக்கவில்லை. பிறகு கரையோரம் எங்கே போனாலும் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி மோந்து பார்த்துவிட்டுத்தான் சங்கிலியை அவிழ்ப்பார்.

அவர் பெயரில் கோப்பை வைத்துப் போட்டி நடத்தலாம் என்று காரியத்தன்று ஒரு பேச்சு வந்தது. நான் வேண்டாம் என்றேன். கோப்பைக்காக நாயை விரட்டுகிறவர்களைத்தான் அவர் அதிகம் வைதார். வேறு இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். விஷயம் இன்னும் இழுபறியில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி நிற்கவில்லை. காசிமேடு என்4 பீச், காலை ஐந்தரை, மணல் சுடுவதற்குள் முடித்துவிடுவோம். ஊசி முழுசாகப் போடாத குட்டி வேண்டாம், வீட்டு நடையிலேயே உருட்டுங்கள். மற்றவர்கள் ஊசி அட்டையும் குடிக்கத் தண்ணீரும் கொண்டுவரவும். டம்மி நாங்கள் தருகிறோம். டென்னிஸ் பந்து கொண்டுவந்தால் திட்டுவதற்கு இப்போது நான் இருக்கிறேன்.