ராஞ்சியில் வாங்கிய அந்த ஒரு கோல்

2024 ஜனவரியில் ராஞ்சியில் நடந்த ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் நம் பெண்கள் ஹாக்கி அணி ஜப்பானிடம் 0-1 என்று தோற்ற இரவு, தொலைக்காட்சியை அணைக்கவே மனம் வரவில்லை. எதிரணியின் தவறுக்காகக் கோலடிக்கத் தரப்படும் வாய்ப்புதான் பெனால்டி கார்னர்; கிடைத்தவற்றில் ஒன்றுகூட வலைக்குள் போகவில்லை. பந்தைத் தள்ளி, நிறுத்தி, அடிப்பதற்குள் ஜப்பானியப் பெண் பாய்ந்து வந்து மட்டையை நீட்டிவிடுவார். பாரிஸ் ஒலிம்பிக் வாய்ப்பு அதோடு போயிற்று. டோக்கியோவில் நான்காம் இடம் பிடித்த அணி அல்லவா இது! அடுத்த மாதமே பயிற்சியாளர் விலகினார். முன்னணி நாடுகள் மோதும் புரோ லீக் தொடரிலும் 2024-25இல் கடைசி இடம்தான். ஆளை மாற்றினால் போதும் என்று நிர்வாகம் நினைக்கிறதா? கார்னர் அடிப்பதற்கென்றே சிறுவயதிலிருந்து பெண்களைப் பழக்க வேண்டாமா? கோவில்பட்டியில் விடியற்காலையில் மட்டையும் கையுமாக ஓடும் சிறுமிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.