டைனமோவைப் பிழையான சில்லில் கீறிவிட்டேன்

பழைய எலெக்ட்ரோனிக்ஸ் சஞ்சிகைகளில் வரும் சிரிப்புப் படங்களுக்குத் தமிழில் வசனம் போட்டுப் பார்ப்போம் என்றுதான் தொடங்கினேன். 1954 இல் ஆரம்பித்த பொப்யுலர் எலெக்ட்ரோனிக்ஸ், ஹியூகோ கேர்ன்ஸ்பாக்கின் ரேடியோ-எலெக்ட்ரோனிக்ஸ் இரண்டிலும் கொஞ்ச இதழ்களைப் போனில் இறக்கி வைத்திருக்கிறேன். ரீவியின் முதுகைக் கழற்றி உள்ளே தலையை விட்டிருக்கும் மெக்கானிக், வீட்டை விடப் பெரிய அன்ரனா, இப்படித்தான் போகும். கேர்ன்ஸ்பாக் பொல்லாத ஆள். ஏப்ரல் இதழ்களில் ஃபிப்ஸ் என்ற புனைபெயரில், இல்லாத கருவிகளைப் பற்றி முழுக் கட்டுரையே எழுதி வாசகர்களை ஏய்த்தவர்.

ஆறு படங்களுக்கு வசனம் போட்டேன். வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. வீடு தேடி வந்து ரீவி திருத்துகிற மெக்கானிக்கை வன்னியில், எங்கள் பரந்தனில் யார் கண்டது? நாங்கள்தான் அதைச் சாரத்தில் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு கடைக்கு ஓடுவோம்.

சரி, சொந்தமாகவே ஒன்று கீறுவோம் என்று இறங்கினேன். 1990களில், போர்க்காலப் பொருளாதாரத் தடையால் வன்னிக்குப் பற்றரி வராத காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, சில்லோடு உரசிச் சுற்றிக் கரண்ட் தரும் டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். படத்தில் முற்றம் நிறையச் சனம், ஸ்ரூலில் ரேடியோ, களைத்துப்போன ஒரு பெடியன். ரேடியோ சொல்கிறது: “பற்றரிகளுக்கான தடை நீ…” அத்தோடு கரண்ட் போய்விடுகிறது. நீக்கமா, நீடிப்பா? முற்றத்தில் சண்டை.

பென்சிலில் முடித்து மாமாவிடம் காட்டினேன். அந்தக் காலத்தில் பெடல் சுற்றியவர். வசனத்தை அவர் வாசிக்கவே இல்லை. “டைனமோவை ஏன் முன்சில்லில பூட்டினனீ? பெடலைச் சுத்தினா பின்சில்லுதானே சுத்தும்!”

கவிழ்த்த சைக்கிளில் முன்சில்லு சும்மா நிற்கும். என் படத்தில் ரேடியோ பேசியிருக்கவே முடியாது.

அழித்துவிட்டுப் பின்சில்லில், ரயரோடு ஒட்ட வைத்துக் கீறினேன். டைனமோவில் வருவது ஏசி, ரேடியோவுக்கு வேண்டியது டிசி என்பதால் நடுவில் நாலு டயோட், ஒரு கப்பாசிற்றர். ஸ்ரூலுக்குக் கீழே அதைச் சின்னதாகப் போட்டதும் எனக்கே ஒரு திருப்தி. இந்த மாதிரிப் படத்தைப் பார்க்கிறவன் சோல்டரிங் அயன் பிடித்தவன். சிரிக்க முதல் வயரைத்தான் பார்ப்பான்.

இரண்டாவது பிழையும் மாமா பிடித்ததுதான். குரல் இழுபடுகிற மாதிரி “நீஇஇஇ” என்று எழுதியிருந்தேன். “அது கசட். மோட்டர் மெதுவானா இழுக்கும். ரேடியோ இழுக்காது, கரகரத்து அடங்கும்.” அதனால் இப்போது எழுத்துகள் வரவரச் சிறுத்துக்கொண்டே போகின்றன. “நீ” கடுகளவு. 0.3 பேனையில் மை பரவி அது இரண்டு தரம் குண்டாகிவிட்டது. மெல்லிய பேனை தேட வேண்டும்.

நேற்று மூன்றாவது பிரதியைக் காட்டினேன். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, திரும்பவும் பார்த்தார்.

“பக்கத்தில இன்னொரு பெடியனையும் கீறு. ஒருத்தனால செய்தி முடியுமட்டும் ஏலாது.”