அப்பாவின் பிளொப்பிகள்

ஜூன் 3, திங்கள்

சோளகம் தொடங்கிவிட்டது. கொக்குவில் வீட்டில் எதைத் தொட்டாலும் விரலில் புழுதி. அப்பாவின் பென்டியம் 3 பெட்டியை இன்று துடைத்து மேசையில் ஏற்றினேன். லாச்சிக்குள் இருந்த பிஸ்கட் டின்னில் பதினொரு பிளொப்பிகள், அந்தக் காலத்தில் கணினிக் கோப்புகளைச் சேமித்த சதுரத் தட்டுகள். ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்தில் ‘தோட்டச் சொற்கள்’ என்றும் ஓர் இலக்கமும். கிணற்றில் துலாவால் தண்ணீர் இறைத்த காலத்துச் சொற்களை ஊர்க் கிழவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தட்டியவர். காகிதத்தில் பிரதி எதுவும் மிஞ்சவில்லை. இருப்பதெல்லாம் இந்த டின்தான்.

விண்டோஸ் 98 எழும்பியது. ஆனால் பிளொப்பியை வாசிக்கும் ‘ஏ’ டிரைவையே காணவில்லை. திகதியும் இருபது வருடத்துக்கு மேல் பின்னால் நிற்கிறது. மதர்போர்ட் பட்டரி செத்தால் பயோஸில், அதாவது கணினி எழும்பும்போது பார்க்கும் அடிப்படை அமைப்பில், வைத்த எல்லாம் மறந்துபோகும்.

ஜூன் 4, செவ்வாய்

கஸ்தூரியார் வீதியில் சிஆர் 2032 பட்டரி வாங்கிப் போட்டேன். பயோஸில் ‘ஏ’ என்ற வரியில் 1.44 எம்பி, மூன்றரை அங்குலம் என்று கொடுத்ததும் டிரைவ் வந்துவிட்டது. பிளொப்பியைப் போட்டால் மட்டும் ‘தயாராக இல்லை’ என்கிறது.

வயரைக் கழற்றிப் பூட்டினேன். அதற்குப் பிறகு பச்சை லைட் அணையவே இல்லை. லைட் அப்படி விடாமல் எரிந்தால் வயர் தலைகீழாகப் பூட்டுப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். சிவப்புக் கோடு போட்ட ஓரம் முதலாம் ஊசிப் பக்கம் வரவேண்டும். திருப்பிப் பூட்ட லைட் அணைந்தது, வாசிப்புத்தான் இன்னும் இல்லை.

ஜூன் 6, வியாழன்

கூட்டாளியிடம் யூஎஸ்பி பிளொப்பி டிரைவ் ஒன்றை இரவல் வாங்கினேன். அவனுடைய பிளொப்பியை அது நன்றாக வாசிக்கிறது. அப்பாவுடையதைப் போட்டால் ‘ஃபோமட் செய்யவா?’ என்று கேட்கிறது. அதற்கு ஒருபோதும் ‘ஓம்’ கொடுக்கக்கூடாது. உடனே எல்லாப் பிளொப்பியிலும் மூலையில் உள்ள கட்டையைத் தள்ளி ஓட்டையைத் திறந்து வைத்தேன். ஓட்டை தெரிந்தால் அதில் எதுவும் எழுத முடியாது.

இரவு முழுக்க இதே யோசனை. பிளொப்பியின் ஒரு பக்கத்தில் 80 தடங்கள், எழுத்துப் பதியும் வட்டங்கள். ஒரு தடத்துக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒன்றுகூட இல்லை. அப்பாவின் டிரைவில் ஹெட், அதாவது வாசித்து எழுதும் முனை, கொஞ்சம் விலகி நின்றிருந்தால், எழுத்தும் அந்த விலகலோடுதான் பதிந்திருக்கும். அப்படியென்றால் இதை வாசிக்கக்கூடியது அவருடைய டிரைவ்தான். நல்லகாலம், அதைக் கழற்றி எறியவில்லை.

ஜூன் 8, சனி

டிரைவின் மூடியைத் திறந்தேன். பஞ்சுபோலப் புழுதி. மேலும் கீழும் இரண்டு ஹெட்கள், ஒவ்வொன்றும் அரிசிமணி அளவு. மேற்கையை மெல்ல, தேவையான அளவு மட்டும் தூக்கி, ஐசோபுரோப்பைல் அல்ககோல் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்தேன். குச்சி மண்ணிறமாக வந்தது. மூன்றாவது குச்சிதான் வெள்ளையாக வந்தது. ஹெட் ஓடும் தண்டில் பழைய கிறீஸ் பிசினாய் இறுகியிருந்தது. அதையும் வழித்துவிட்டுத் துளி எண்ணெய் வைத்தேன்.

முதலாம் பிளொப்பி. கர், கர் என்ற அந்தப் பழைய சத்தம். பிறகு பெயர்கள் ஒவ்வொன்றாய் வரிசையில் விழுந்தன. குசினியிலிருந்து அம்மா, “தம்பி, அப்பான்ரை பெட்டி ஓடுதே?” என்றார். எனக்குக் குரல் வரவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

ஐந்து பிளொப்பி முடிந்தது. ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, அதைக் கழற்றி அடப்டர் வழியாக லப்டொப்புக்கு மாற்றுகிறேன். எல்லாம் பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பழைய முறை. அது இல்லாத இடத்தில் ‘அம்மா’ என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். அதனால் எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றியபடியே போகிறேன்.

ஏழாவதின் தகட்டுக் கதவைத் தள்ளிப் பார்த்தேன், உள்ளே வெள்ளைப் பூஞ்சணம். இதை இப்போது போட்டால் ஹெட்டும் பழுதாகி மற்றவையும் போய்விடும். தனியே எடுத்து வைத்தேன். மற்றதெல்லாம் முடிந்த பிறகு பார்ப்போம்.

பின்னேரம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். துலா, ஆடுகால், துலாக்கொடி. ‘பட்டை: பனையோலையில் இழைப்பது, தண்ணீர் அள்ள’ என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

“இது கிணத்தடி வீட்டு ஐயா சொன்னது. அப்பா கொப்பியோடை போய்ப் படலையடியில நிண்டு எழுதினவர். நான் பார்த்தனான்.”

நாளை ஆறாவது.